ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

போன தீபாவளிக்கு அடுத்த வாரம் அப்பாவின் கணினிப் பெட்டியை ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு காங்கேயத்திலிருந்து திருப்பூருக்குப் போனேன். ஒரு சர்வீஸ் கடை. கடைக்காரர் பெட்டியைத் திறக்கவில்லை. என்ன பிராசஸர் என்று மட்டும் கேட்டார். “ஆறாவது தலைமுறை ஐ3ங்களா? இதுல பதினொன்னு ஏறாதுங்க அக்கா. பத்துக்கும் சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. காயலாங்கடையில போட்டுட்டுப் புதுசு ஒண்ணு பாத்துக்கலாமுங்க” என்றார். அவர் சொன்ன விவரம் சரிதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். வீட்டுக் கணினிகளுக்குப் பதிவுசெய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு அப்புறம் என்ன என்பதற்குத்தான் பதில் இல்லை. பெட்டியைத் திரும்பக் காலடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். நல்லூர் தாண்டி, படியூர் தாண்டி, வீடு வரும் வரைக்கும் அந்தக் காயலாங்கடை என்ற சொல் மனதைவிட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கம் ஓடுகிற பொருளை அப்படி யாரும் ஒதுக்குவதில்லை. தோட்டத்துக் கிணற்று மோட்டார் அப்பாரு காலத்தில் கோயமுத்தூரில் வாங்கியது. எனக்கு நினைவு தெரிந்து மூன்று தடவை காயில் எரிந்திருக்கிறது. மூன்று தடவையும் ரீவைண்டிங் கடைக்குப் போய்ப் புதுக் கம்பி சுற்றிக்கொண்டு வந்து தண்ணீர் இறைத்திருக்கிறது. சோமனூரில் பெரியம்மா வீட்டுத் தறிகள் என்னைவிட மூத்தவை. நாடா தேயும், பிக்கிங் ஸ்டிக் ஒடியும், மாற்றிப் போட்டு அன்று சாயங்காலமே ஓட்டிவிடுவார்கள். அப்பாவின் கணினியில் எதுவும் எரியவில்லை, எதுவும் ஒடியவில்லை. 2016-ல் வாங்கினோம். திரை பளிச்சென்று இருக்கிறது, விசைப்பலகையில் நாலைந்து எழுத்துகள்தான் அழிந்திருக்கின்றன. இதை இரும்பு விலைக்கு எடை போடுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்பா பத்திர எழுத்தராக இருந்தவர். தமிழ்த் தட்டச்சில் ஹையர் முடித்துவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே மிஷினோடு உட்கார்ந்தார். கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், அடமானம் என்று முப்பத்தைந்து வருடம். 2004-ல் அந்த மேசைக்கு முதல் கணினி வந்தது. இப்போது எழுபது வயது, தொழிலை விட்டுவிட்டார். ஆனால் காலையில் காபி குடித்ததும் கணினி முன்னால் உட்காருவதை விடவில்லை. ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கிறார். பழைய பத்திரங்களில் நான்கெல்லை சொல்லும்போது வருகிற சொற்கள், தோட்டங்காடுகளின் பெயர்கள், அளவுகள். கொறங்காடு, கிளுவை வேலி, கவலைக் கிணறு, தொண்டுப்பட்டி, கிழமேல் வண்டித்தடம் என்று 84 பக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது எந்த ஊர்ப் பத்திரத்தில் வந்தது, யாரிடம் பொருள் கேட்டார் என்ற குறிப்பு இருக்கும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாடு மேய விட்டுவைக்கிற நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர் இருப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். பத்திரத்தில் ஏறினால் அது ‘புஞ்சை’ ஆகிவிடுகிறது. அந்தச் சொல் எங்கேயாவது இருக்கட்டும் என்றுதான் அப்பா இதை ஆரம்பித்தார். எனக்கு இந்தக் கணினியில் இருக்கிற மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒரு கோப்பு பெரிது.

முதல் தடவை அழித்தது

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய இயங்குதளம் லினக்ஸ். எனக்கு அது புதிது இல்லை, ஒரு தடவை கையில் கிடைத்து விட்டுவிட்டேன். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் எனக்கும் வந்தது. 2011-ல் தொடங்கிய திட்டம் அது. அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சிடாக் நிறுவனம் நம் நாட்டு மொழிகளை மனதில் வைத்து, டெபியன் என்ற லினக்ஸ் வகையிலிருந்து உருவாக்கியது. திறந்தவுடன் தமிழில் மெனு வந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வகுப்பில் எல்லோரும் முதல் வாரமே ஒரு சென்டருக்குப் போய் அதை எடுத்துவிட்டுப் படம் வைக்க இடம் பண்ணிக்கொண்டோம். எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் ஒரு சுதந்திர மென்பொருளைக் கொடுத்துவிட்டு, அது என்ன என்று ஒரு வகுப்புகூட எடுக்காமல் விட்டார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. பக்கத்தில் கேரளத்தில் பள்ளிக்கூடங்களில் லினக்ஸிலேயே பாடம் நடத்தினார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வாளையாறு தாண்டினால் நடக்கிறது, இந்தப் பக்கம் ஏன் நடக்கவில்லை என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

சரி, இந்தத் தடவை லினக்ஸ் வகைகளில் மின்ட் என்பதைப் போடுவது என்று முடிவு செய்தேன். 22.2 பதிப்பு, அதில் பழைய கணினிக்கும் பாரமாகாத எக்ஸ்எஃப்சிஇ வகை. 4 ஜிபி நினைவகத்துக்கு அது போதும், 2029 வரை திருத்தங்கள் வரும். மின்ட் இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது, உபுண்டு டெபியனிலிருந்து வந்தது. அன்றைக்கு நான் அழித்த பாஸுக்கும் இதற்கும் ஒரே தாய்வீடுதான்.

தம்பி பெங்களூரில் இருக்கிறான். அவன் போனில் சொன்ன ஒரு யோசனை என்னைக் காப்பாற்றியது. “அக்கா, பழைய டிஸ்க்கைத் தொடவே தொடாதே. ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி அதில் போடு. போடும்போது பழசோட கேபிளைக் கழட்டி வெச்சிரு.” எஸ்எஸ்டி என்பது பழைய டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு வட்டு. அப்படியே செய்தேன். நிறுவும்போது ‘வட்டை அழித்துவிட்டு நிறுவு’ என்று ஒரு கட்டம் வரும். இரண்டு வட்டுகள் மாட்டியிருந்தால் எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் காட்டும், எது எது என்று கை நடுங்கும். கழற்றி வைத்துவிட்டால் அந்தப் பயமே இல்லை. மின்டின் நிறுவல் கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. இறக்கி, கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். வைஃபை வந்தது, ஒலி வந்தது. நிறுவல் இருபது நிமிடத்தில் முடிந்தது. கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் திறக்கிறது. இந்த வேகத்தில் பாதிக்குமேல் எஸ்எஸ்டியால் வந்தது. அதை லினக்ஸின் கணக்கில் எழுதினால் நியாயம் இல்லை.

பிரிண்டர் மட்டும் இரண்டு சாயங்காலங்களைத் தின்றது. அதன் நிறுவனம் தனியாகத் தரும் ஒரு துணைக்கோப்பு இல்லாமல் அது அசையாது என்று தெரிய அத்தனை நேரம். அதுவரைக்கும் அப்பா அச்செடுப்பதற்காகப் பழைய வட்டையும் திரும்ப மாட்டி, திறக்கும்போது எதில் போகலாம் என்று தேர்ந்தெடுக்கிற மாதிரி வைத்தேன். அங்கேதான் கடிகாரம் வந்தது.

வியாழக்கிழமை காலை அடுப்படியில் இருந்தேன். “அம்மிணி, இங்க வா. மணி பத்தாச்சு, இதுல நாலரைன்னு காட்டுது” என்று அப்பா கூப்பிட்டார். ராகு காலம் பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட விடாதவர் அவர். வியாழன் என்றால் ஒன்றரை முதல் மூன்று வரை பேனாவை மூடி வைத்தே பழகியவர். கடிகாரம் தப்பாக ஓடும் கணினியை அவர் எப்படி நம்புவார்? சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருப்பதைப் பார்த்ததும் எனக்குக் காரணம் பிடிபட்டது. கணினியின் பலகையில் இருக்கிற கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதே கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் நம் நாட்டின் ஐந்தரை மணி நேரம் காணாமல் போகிறது. லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும், கொடுத்தேன். அப்பா கைக்கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

“எம்பட எழுத்தெல்லாம் எங்க போச்சு?”

சனிக்கிழமை அவரது கோப்புகளைப் புதுப் பக்கத்துக்கு நகலெடுத்தேன். சொற்பட்டியலை லிப்ரே ஆபீஸ் என்ற எழுதும் மென்பொருளில் திறந்து, அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்து. ஒரு சொல்லும் படிக்க முடியாத, நடுநடுவே அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகச் சிதறிய ஆங்கில எழுத்து. 84 பக்கமும் அப்படித்தான். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “எம்பட எழுத்தெல்லாம் எங்க போச்சு?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்தவர் வீட்டுக்குப் போய்க் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்தவர் மாதிரி கேட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. லினக்ஸ் போட்டு அவருடைய இருபது வருட வேலையைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன்.

காரணம் தெரிந்தவர்கள் இந்நேரம் சொல்லியிருப்பீர்கள், பாமினி எழுத்துரு. அதைப் புதுப் பக்கத்தில் நான் போடவில்லை. பழைய வட்டிலிருந்து அந்த ஒரு கோப்பை எடுத்து எழுத்துருக் கோப்புறையில் போட்டதும் பத்து வினாடியில் எல்லாச் சொல்லும் திரும்பி வந்தது. “வந்துருச்சு” என்று அப்பா பெருமூச்சு விட்டார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. அடியில் இருப்பதைப் பார்த்துவிட்டேன் அல்லவா.

‘தமிழ்’ என்று அப்பா அடித்த சொல் அந்தக் கோப்புக்குள் தமிழாக இல்லை. ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் இருக்கிறது. ஜே வருகிற இடத்தில் ‘த’ என்று ஒரு படத்தையும், கே வருகிற இடத்தில் ‘ம’ என்று ஒரு படத்தையும் பாமினி வரைந்து காட்டுகிறது. கணினிக்கு அதில் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அப்பா இந்தப் பட்டியலில் ஒரு சொல்லைத் தேட வேண்டுமென்றால் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். அவர் புரட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், வயதானவர் பழக்கம் என்று விட்டிருக்கிறேன். தம்பிக்கு ஒருமுறை அனுப்பியபோது அவன் போனில் திறக்கவில்லை என்றான். வேலையில் இருப்பான் என்று அதையும் விட்டேன். விண்டோஸில் இருந்த இத்தனை வருடமும் அந்தச் சொற்கள் ஒரே ஒரு எழுத்துருவை நம்பி உயிரோடு இருந்திருக்கின்றன. அந்தப் பெட்டி காயலாங்கடைக்குப் போயிருந்தால், புதுக் கணினியில் பாமினி இல்லாதிருந்தால், கொறங்காடும் தொண்டுப்பட்டியும் யாருக்கும் புரியாத அரைப்புள்ளிகளாகக் கிடந்திருக்கும்.

இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. எந்த மொழி எழுத்தானாலும் எல்லாக் கணினிக்கும் ஒரே மாதிரி புரிய ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்கும் தரம் யூனிகோடு. அதன் முதல் பதிப்பு வந்த 1991-லேயே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைப் பற்றி முதலில் அறிவித்ததும் அதே 1991-தான், ஆகஸ்டில். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. அந்த மாநாட்டுக் கண்காட்சியைப் பார்க்க அப்பா போயிருந்தார். அவிநாசி ரோட்டில் கூட்டத்தில் பாதி வழி நடந்தே போனதை இன்றைக்கும் சொல்வார். போய்விட்டு வந்து மறுநாள் கடை மேசையில் உட்கார்ந்து பாமினியில் பத்திரம் அடித்தார். அடுத்த பதினைந்து வருடமும் அடித்தார். ஆணை கோவையில் பிறந்தது, ஐம்பது மைல்கூட இல்லாத காங்கேயத்துத் தட்டச்சு மேசைக்கு அதை எடுத்துவந்து கொடுக்க ஆள் இல்லை. அவர் கை, தட்டச்சு மிஷினின் நடு வரிசையில் இடது கை அடிக்கும் யளனக என்று பழகிய கை. புதிய விசைப்பலகைக்கு மாறு என்று எழுபது வயதுக்காரரிடம் சொல்வதற்கு முன்னால், அந்தக் கைக்கு என்ன வழி என்று யாராவது யோசித்திருக்க வேண்டும்.

கோப்பை மாற்ற ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பை எடுத்துக்கொண்டேன், பைத்தான் நிரல்மொழியில் எழுதியது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் வேலை அதில் தயாராக இருக்கிறது. ஆனால் இது எழுத்துக்கு எழுத்து மாற்றுகிற காரியம் இல்லை. தட்டச்சில் ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண் பார்க்கிற வரிசையில் கை அடிக்கும். யூனிகோடில் முதலில் க, அதற்குப் பின்னால்தான் ஒகரக் குறி. மாற்றும் நிரல் ஒவ்வொரு கொம்பையும் தூக்கி அதன் எழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். ‘வெள்’ என்று வரும் இடத்தில்தான் இது தடுமாறும். கொம்பு, வ, ள என்று மூன்று விசைகள், அப்புறம் புள்ளி. ஔகாரம் போட்ட ‘வௌ’ வேண்டுமானாலும் பாமினியில் அதே மூன்று விசைகள்தான். அதனால் மாற்றிய கோப்பில் வெள்ளாமை எல்லாம் ஔகாரமும் அதன்மேல் அநாதையாகத் தொங்கும் ஒரு புள்ளியுமாக நின்றது. வெள்ளகோவிலுக்கும் அதே கதி, வெள்வேலத்துக்கும் அதே கதி. எங்கள் பக்கத்து மண்ணைப் பற்றிய பட்டியலில் ‘வெள்’ இல்லாத பக்கம் எங்கே இருக்கிறது? சில செய்தித் தளங்களின் பழைய பக்கங்களில் இதே பிழையைப் பார்த்திருப்பீர்கள், இப்படித்தான் வந்திருக்கும். அப்புறம், நடுவில் சாதாரண எழுத்துருவில் அடித்திருந்த ஆங்கிலச் சொற்களையும் அது விடவில்லை, ஒன்றுக்கும் பொருந்தாத தமிழாக்கி வைத்திருந்தது.

ஆகவே உட்கார்ந்து படித்தோம். பதினொரு சாயங்காலம். நான் திரையைப் பார்த்து வாசிப்பேன், அப்பா பழைய அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பார். இந்த வேலை இல்லையென்றால் நான் அந்த 84 பக்கத்தையும் முழுதாகப் படித்திருக்க மாட்டேன். ஒரு சொல்லுக்கு எதிரே ‘அம்மா சொன்னது’ என்று இருந்தது. அப்பாவைப் பெற்ற என் ஆத்தா இறந்து இருபது வருடம் ஆகிறது. அந்த வரியில் அப்பா கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டார், நானும் அடுத்த வரியை வாசிக்கவில்லை.

விசைப்பலகைக்கு, லினக்ஸில் மொழிக்கேற்ற விசை அமைப்பைத் தேர்ந்தெடுக்க உதவும் ஐபஸ் நிரலில் தமிழ் வகைகளைத் தேடினேன். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, அவற்றோடு பழைய தட்டச்சு வகையும் வரிசையில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துகொண்டேன். அப்பா இடது கை விரல்களை வைத்தார். யளனக அதே இடத்தில் வந்தது. ஓரத்தில் ஒன்றிரண்டு குறிகள் இடம் மாறியிருந்தன, அதைத் தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டார். “இது நெம்ப நல்லா இருக்குது, கண்ணு” என்றார். நான் நிறுவிய இயங்குதளத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே அபிப்பிராயம் இதுதான்.

எல்லோரும் மாறிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கணக்கு முழுக்க டேலியில் ஓடுகிறது. அது விண்டோஸுக்கென்று எழுதியது. ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற வாரத்தில் அங்கே இயங்குதளத்தை மாற்று என்று ஒருவரிடம் போய்ச் சொல்வது அநியாயம். ஆனால் வீட்டில் கடிதம் எழுதவும், படிக்கவும், பட்டியல் வைக்கவும் இருக்கிற ஒரு கணினியை வயதைக் காட்டித் தூக்கிப் போடுவதற்கு முன்னால், ஒரு பென்டிரைவில் ஓட்டியாவது பாருங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் பெரியவர்கள் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்தது ஏதாவது இருந்தால் இப்போதே எடுத்து மாற்றுங்கள். அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு ‘வெள்’ எல்லாம் சரிபார்க்க அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குத் தேடுவது எப்படி என்று காட்டினேன். கன்ட்ரோல், எஃப். அவர் ‘இட்டாரி’ என்று அடித்தார். இரண்டு பக்கமும் வேலி போட்ட வண்டித்தடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஒன்பது இடத்தில் மஞ்சளாக வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு ‘இட்டேரி’ என்று அடித்தார். ஆறு இடம். 2008-ல் ஒரு தாராபுரத்துப் பத்திரத்திலிருந்து தனிச் சொல்லாக எழுதி, வேறு பொருள் கொடுத்து வைத்திருக்கிறார். இத்தனை வருடம் இரண்டும் பட்டியலில் நாற்பது பக்க இடைவெளியில் இருந்திருக்கின்றன, ஒன்றை ஒன்று பார்க்காமல். அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுப் போனை எடுத்தார். தாராபுரத்தில் அவரோடு தொழில் பார்த்த ஒரு பெரியவருக்குத்தான். நலம் விசாரித்த கையோடு கேட்டார்: “ஏனுங்க, உங்க பக்கம் இட்டேரிங்களா, இட்டாரிங்களா?” அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ தெரியவில்லை. அப்பா போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.